வாசகர் கேள்வி – பதில்: முதல் அணிக்குப் பதினைந்து பேர் போதும்

கேள்வி: நான் பட்டதாரி. வீட்டிலேயே உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்களுக்குக் கணக்கீடு மேலதிக வகுப்பு நடத்துகிறேன். இப்போது பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துப் பிள்ளைகளும் சேரக்கூடிய வகையில் இணையவழிப் பாடநெறியொன்றை முதன்முறையாகத் தொடங்க விரும்புகிறேன். எல்லா அலகுகளையும் காணொளியாகப் பதிவு செய்து முடித்த பிறகுதான் மாணவர்களைச் சேர்க்க வேண்டுமா? கட்டணத்தை எப்படி வாங்குவது?
– வாசகி, தலவாக்கலை

பதில்: வேண்டாம், சகோதரி. முதல் இரண்டு அலகுகளை மட்டும் ஆயத்தம் செய்துகொண்டு, பத்துப் பதினைந்து பேருடன் தொடங்கிவிடுங்கள். மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரியாமல் பதிவு செய்யும் பாடங்களில் பாதியையாவது பின்னர் மாற்ற வேண்டியிருக்கும். மூன்றாம் அலகை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை முதல் இரண்டு அலகுகளுக்கு அவர்கள் எழுதி அனுப்பும் விடைகளே உங்களுக்குக் காட்டித்தரும்.

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் தமது நேரத்தையெல்லாம் காணொளிக்கே செலவிட்டுவிட்டு, விடை திருத்துவதற்கு நேரமில்லாமல் திண்டாடுகிறார்கள். என் கருத்தில் பாடநெறியின் உயிர் திருத்தத்தில்தான் இருக்கிறது. நம் காசேட்டில் உள்ள மீதியும் வங்கி காட்டும் மீதியும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். காசேட்டு மீதியிலிருந்து வங்கிக் கூற்று மீதிக்கு வரும்போது, நாம் எழுதிக் கொடுத்தும் வங்கியில் இன்னும் சமர்ப்பிக்கப்படாத காசோலையைக் கூட்ட வேண்டும். பிள்ளைகளில் பலர் கழித்துவிடுவார்கள். காசேட்டு மீதி 50,000 ரூபாய், சமர்ப்பிக்கப்படாத காசோலை 8,000 ரூபாய் என்றால் வங்கிக் கூற்று 58,000 காட்ட வேண்டிய இடத்தில், அவர்களுடைய விடை 42,000 என்று நிற்கும். இதைக் காணொளியில் எத்தனை முறை விளக்கினாலும், மாணவி தன் கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அந்தக் கழித்தல் குறியைச் சிவப்பில் வட்டமிட்டு, "இந்தக் காசு வங்கியை விட்டுப் போய்விட்டதா?" என்று நீங்கள் கேட்கும்போதுதான் அது அவள் மனதில் நிற்கிறது. உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது: பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களை விட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்துக்குப் பின் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். எனவே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு சிறு பயிற்சி, அடுத்த பாடத்துக்கு முன் அதன் திருத்தம் என்ற ஒழுங்கை முதலில் அட்டவணையில் எழுதுங்கள். ஓர் இரவில் எத்தனை கொப்பிகளை உங்களால் நேர்மையாகத் திருத்த முடியுமோ, அதுவே உங்கள் முதல் அணியின் அளவு.

காணொளி தேவைப்படும் இடங்களில் ஐந்தாறு நிமிடங்களுக்குள் முடித்துவிடுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடநெறித் தளத்தில் 69 இலட்சம் காணொளிப் பார்வைகளை அலசி 2014-இல் பிலிப் குவோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆறு நிமிடங்களுக்கு மேல் நீண்ட காணொளிகளில் மாணவர்களின் கவனம் நிலைக்கவில்லை என்பது தெரியவந்தது. நம் பிள்ளைகளுக்கு டேட்டாச் செலவும் இருக்கிறது. சூமில் எல்லோரும் முகம் காட்டிப் பேசினால் ஒரு மணிநேரத்தில் ஒரு கிகாபைட் வரை கரைந்துவிடலாம். குரலும் திரைப் பகிர்வும் மட்டும் என்றால் அதில் மிகச் சிறிய பகுதியே போதும். கட்டணமில்லாத சூம் சந்திப்பு 40 நிமிடங்களில் நின்றுவிடும் என்பதையும் கணக்கில் எடுத்து, நேரடி வகுப்பைச் சந்தேகங்களுக்கும் திருத்தத்துக்கும் ஒதுக்குங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உங்கள் பக்கத்தில் மின்சாரமும் சிக்னலும் அடிக்கடி போகும். வகுப்பின் சுருக்கத்தை அன்றிரவே குரல் பதிவாகக் குழுவில் போட்டுவிட்டால் யாரும் பின்தங்கமாட்டார்கள்.

கட்டணத்தை மாதந்தோறும், தோட்டத்துச் சம்பள நாளுக்குப் பிறகு வாங்குங்கள். முழுத்தொகையையும் முன்கூட்டியே கேட்டால், சேர வேண்டிய பிள்ளைகளே விலகி நிற்பார்கள்.

கேள்வி: என் இணையவழி ஆங்கில வகுப்பில் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். கேட்கிறார்களா, தூங்குகிறார்களா என்று தெரியவில்லை. கட்டாயப்படுத்தலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: கட்டாயப்படுத்தாதீர்கள், ஐயா. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பராவில் அம்மா சமைக்க, தம்பி படிக்க, தாத்தா படுத்திருக்க, அதற்கு நடுவே அமர்ந்து கற்கும் பிள்ளை தன் வீட்டை மற்றவர்களுக்குக் காட்ட விரும்பாமல் இருப்பது இயல்பு. அந்தத் தயக்கத்தை நாம் மதிக்க வேண்டும். பலருக்குக் கைப்பேசியே அப்பாவுடையதோ அண்ணனுடையதோதான், அது வீடு வந்து சேரும் நேரமும் பார்த்து வகுப்பை வைக்க வேண்டும். கவனத்தை அறிய, எட்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, விடையை எழுத்தில் உங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். மற்றவர்கள் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தால், பிழையாகிவிடுமோ என்று வாய் திறக்காத பிள்ளையும் எழுதும். இரண்டு வகுப்புகளில் தொடர்ந்து விடை அனுப்பாதவர் இருந்தால், குழுவில் பெயர் சொல்லிக் கேட்காமல், மறுநாள் தனியாக அழைத்து, டேட்டாவா, சிக்னலா, பாடமா, எதில் சிக்கல் என்று விசாரியுங்கள்.