ஜன்னல் கண்ணாடியில் கரண்ட்: வாசகர் கேள்விகள்

கலா, ராயபுரம்: எங்கள் வீடு மூன்றாவது மாடி. மேற்குப் பார்த்த 4-க்கு 4 அடி ஜன்னலில், வெயிலில் மின்சாரம் தரும் சோலார் கண்ணாடி போட்டால் பில் குறையுமா?

கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையாது. 16 சதுர அடி என்பது சுமார் 1.5 சதுர மீட்டர். வெளியே பார்க்க முடிகிற கருஞ்சாயல் கண்ணாடிக்கு 7 சதவீதத் திறன் என்று வைத்தால், முழு வெயில் நேராக விழும்போது 105 வாட். செங்குத்தான மேற்கு ஜன்னலுக்கோ அரை நாள் வெயில்தான். நாளுக்கு 0.2 யூனிட் கிடைத்தால் நல்லது. 28 வாட் மின்விசிறி ஒன்று ஏழு மணி நேரம் ஓடும்.

அதிலும் சன்ஷேடு பங்கு கேட்கும். ஜன்னலுக்கு நேர் மேலே 2 அடி சன்ஷேடு இருந்தால், மார்ச்சிலும் செப்டம்பரிலும் பிற்பகல் 3 மணிக்குக் கண்ணாடியின் மேல் பாதி நிழலில் இருக்கும். இந்தக் கண்ணாடியில் வெயிலை மின்சாரமாக்கும் செல்கள் மெல்லிய நீளப் பட்டைகளாக, ஒன்றோடொன்று தொடராக இணைந்திருக்கும். பட்டைகள் படுக்கைவசத்தில் இருந்தால், மேலே உள்ளவை முழுதாக நிழலில் மாட்டி மொத்த மின்னோட்டத்தையும் அடைத்துவிடும். செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு பட்டையிலும் பாதிதான் போகும். ஆர்டர் கொடுக்கும்போதே செங்குத்துப் பட்டை என்று எழுதி வாங்குங்கள்.

கண்ணாடி மாற்ற வேண்டிய நேரமும் வந்து, மேற்கு வெயிலையும் மட்டுப்படுத்த வேண்டும் என்றால் யோசிக்கலாம். வெயில் மட்டும்தான் தொல்லை என்றால் சன் ஃபிலிம் போதும்.

ரஹீம், பழைய வண்ணாரப்பேட்டை: சாதாரணக் கண்ணாடி போலவே தெளிவாக இருக்கும் சோலார் கண்ணாடி உண்டாமே?

ஆய்வில் உண்டு. 2014-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர்களை மட்டும் ஒரு சேர்மம் உறிஞ்சி, வேறு அலைநீளத்தில் உமிழ்ந்து விளிம்புக்கு அனுப்பும். அங்குள்ள குறுகலான செல் அதை மின்சாரமாக்கும். அப்போது திறன் 1 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. வெயிலின் ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதை முழுக்க அறைக்குள் விட்டுவிட்டு நிறைய மின்சாரமும் கேட்க முடியாது. தெளிவாகவும் இருக்கும், 20 சதவீதமும் தரும் என்று விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சுந்தரம், தண்டையார்பேட்டை: முடிவு செய்துவிட்டோம், ஒரு ஜன்னலுக்குப் போடப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அளவு. டஃபன்டு (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. சட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து, குறைந்ததை எடுத்து, ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. விடுங்கள். அடுத்து எடை. சோலார் கண்ணாடியில் 3.2 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 16 கிலோ. உங்கள் பழைய 4 மி.மீ. கண்ணாடி 10 கிலோதான். ஸ்லைடிங் ஜன்னலென்றால் ரோலர் தாங்குமா என்று பாருங்கள். வயரும் இழுபடும், அசையாத பலகத்தில் போடுவதே நல்லது.

பலர் கோட்டைவிடுவது வோல்ட்டேஜில். இந்த மெல்லிய படலக் கண்ணாடியின் திறந்த சுற்று வோல்ட்டேஜ் (எதையும் இணைக்காதபோது இருப்பது) நூறைத் தாண்டலாம். பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மலிவான 12 வோல்ட் சார்ஜ் கன்ட்ரோலர்கள் பல 50 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, எரிந்துவிடும். கண்ணாடியின் லேபிளைப் பார்த்த பிறகே, அந்த வோல்ட்டேஜைத் தாங்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (கண்ணாடியிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் வகை) வாங்குங்கள். 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி (256 வாட்-மணி) போதும். அதன் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ். வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை கண்ணாடியில் மின்சாரம் இருக்கும் என்பதால், கனத்த போர்வையால் மூடிவிட்டு இணைப்பைத் தொடச் சொல்லுங்கள்.

மேரி, திருவொற்றியூர்: கடல் காற்றில் கெட்டுவிடாதா?

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, ஓரத்தில்தான் ஆபத்து. சீல் விட்டால் ஈரம் புகுந்து விளிம்பில் பால் போன்ற வெண்மை படரும். ஐ.இ.சி. 61701 என்ற சர்வதேசத் தரத்தின்படி உப்புப் பனிச் சோதனை முடித்ததா என்று கேளுங்கள். அலுமினியச் சட்டத்தில் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டால் நடுவில் நைலான் வாஷர் வேண்டும். இல்லாவிட்டால் உப்பில் அலுமினியம் அரிக்கும். துடைக்க வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். காய்ந்த தூசியைத் தேய்த்தால் கீறல் விழும்.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் குடியிருப்பில் மொட்டை மாடி காலியாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். நிழலில்லாத 100 சதுர அடியில் 1 கிலோவாட் போடலாம், நாளுக்கு சுமார் 4 யூனிட். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கத்தின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு.