ஓநாயை அடைச்சு வளர்த்து காட்டுல விடுறாங்களே, நம்ம கடல்பசுவுக்கும் அப்படி ஒரு ஆராய்ச்சி நிலையம் வெச்சா என்ன?

தொண்டிப் பக்கம் நாட்டுப்படகுக் குடும்பம் நான், விஞ்ஞானி எல்லாம் இல்ல. ஆனா இது நடக்காதுங்க.

ஓநாய்ல நடந்துச்சு, உண்மைதான். அமெரிக்காவுல சிவப்பு ஓநாய் 1980ல காட்டுல ஒண்ணுகூட இல்லன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் புடிச்சு வெச்சிருந்ததுல 14 ஓநாய வெச்சே குட்டி எடுத்து 1987ல வட கரோலினாவுல திரும்ப விட்டாங்க. மெக்சிகோ ஓநாய் இன்னும் மோசம், வெறும் 7ல இருந்து ஆரம்பிச்சு 1998ல அரிசோனா காட்டுல விட்டாங்க. ஓநாய் ஒரு ஈத்துக்கு நாலஞ்சு போடும், கறியப் போட்டா வேலிக்குள்ளயே வளந்துரும்.

ஆவுளியா (எங்க ஊர்ல கடல்பசுவுக்கு இதான் பேரு) ஒரு வருஷத்துக்கு மேல சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு மூணு வருஷமும் ஆகலாம் ஏழு வருஷமும் ஆகலாம். திங்கிறது கடல்தாழை (கடலடியில வளர்ற புல்லு), அதுவும் நாளைக்கு 30 கிலோவாவது. தொட்டியில போட்டு யாருங்க அவ்ளோ தாழை அரிச்சுப் போடுறது?

அது சாவுறது பெரும்பாலும் வலையில. மீன் இல்லையே, சில நிமிஷத்துக்கு ஒருதடவ மேல வந்து மூச்சு வாங்கணும், வலை அமுக்கிருச்சுன்னா முடிஞ்சுது. ஒருதடவ சித்தப்பாகூட போயிருந்தப்ப விடியக்காலைல திருக்கை வலைய இழுத்தா கல்லு மாதிரி கனம், மேல வந்தது சாம்பல் கலர் முதுகு, மூடி தொறந்த மாதிரி மூக்கு ரெண்டும் தொறந்து புஸ்ஸுன்னு ஒரு மூச்சு, உதடு பூரா முரட்டு முடி. "டேய் கத்திய எடுறா"ன்னாரு, வலைய அறுத்து அத விட்டுட்டோம், அவ்ளோதான். எங்க தாத்தா காலமா இருந்தா கறி போட்டிருப்பாங்க, மறைக்க என்ன இருக்கு.

இப்படி விடுறவங்களுக்கு ஊக்கத்தொகை உண்டுன்னு சொல்லித்தான் மனு குடுத்தோம், போட்டோ எங்கன்னு கேட்டாங்க. ஒரு கையில வலை ஒரு கையில கத்தி, மூணாவது கை யாருக்குங்க இருக்கு?

2022ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர கடல்பசு காப்பகம்னு அறிவிச்சதெல்லாம் நல்ல விஷயம்தான், ஆனா அது தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம், எங்க ராம்நாடு கரை அதுல வரல. அங்க அரிசோனாவுல ஓநாய் மாட்ட அடிச்சா மாட்டுக்காரனுக்கு நஷ்டஈடு குடுக்குறாங்க. நிலையம் கட்டுற காசுல பாதிய கிழிஞ்ச வலைக்கு உடனே குடுங்க, ஆவுளியாவ நாங்களே பாத்துக்குறோம். சித்தப்பா அந்த ஓட்டைய கடன்ல நூல் வாங்கித்தான் பின்னுனாரு.