டார்ட் துப்பாக்கி: ஸ்பிரிங்கை மாற்றும் முன் காற்றைக் கவனியுங்கள்

கேள்வி: பி.வி.சி. குழாயில் ஸ்பிரிங் வைத்து ஃபோம் டார்ட் துப்பாக்கி செய்தேன். டார்ட் நாலைந்து மீட்டரிலேயே விழுந்துவிடுகிறது. இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். டார்ட் போடாமல், சிலிண்டருக்குள் காற்றைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னால் இழுத்து, டார்ட் வெளியே வரும் குழாயான பேரலின் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடுங்கள். பிஸ்டனைச் சட்டென்று விட்டுவிடாமல், கையில் பிடித்தபடியே மெதுவாக முன்னே போகவிடுங்கள். நடுவழியில் காற்று தடுத்து நிறுத்தினால் சீல், அதாவது காற்றடைப்பு, நன்றாக இருக்கிறது. 'உஸ்ஸ்' என்ற சத்தத்தோடு கடைசிவரை போய்விட்டால், எந்த ஸ்பிரிங் போட்டாலும் பாதிக் காற்று வீண்தான்.

பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் கசியும். ஒன்று, சிலிண்டரும் பேரலும் சேரும் இடம். அங்கே எபாக்ஸி பசை பூசினால் போதும். இன்னொன்று பிஸ்டனில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அது தொளதொளவென்று இருந்தால் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தில் டெஃப்லான் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். அதற்காக ரொம்ப இறுக்கிவிடக் கூடாது. பிஸ்டன் உரசி வேகம் போய்விடும். தடவுவதற்கு சிலிகான் கிரீஸ்தான் நல்லது. பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை உப்ப வைத்துவிடும்.

கேள்வி: சிலிண்டர் உள்விட்டம் 35 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 8 செ.மீ., பேரல் அரை மீட்டர். பேரல் நீளமாக இருந்தால் வேகம் கூடும்தானே அண்ணா?

பதில்: ஓரளவுக்குத்தான். உங்கள் சிலிண்டரில் இருப்பது சுமார் 77 கன செ.மீ. காற்று. 13 மி.மீ. உள்விட்டமுள்ள அரை மீட்டர் பேரலின் கொள்ளளவே 66 கன செ.மீ. டார்ட் முன்னே போகப் போக காற்று விரிந்து அழுத்தம் இறங்கும். கடைசிப் பகுதியில் தள்ள ஆளில்லாமல் டார்ட் சுவரில் உரசிக்கொண்டுதான் வெளியே வரும். இரண்டிரண்டு செ.மீ. வெட்டி, ஒவ்வொரு முறையும் வேகத்தை அளந்து பாருங்கள். வேகம் ஏறுவது நின்றதும் வெட்டுவதை நிறுத்துங்கள். 30 செ.மீ. பக்கத்தில் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வேகத்தை அளக்கக் கருவி இல்லையே?

பதில்: போன் போதும். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்று, போனைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்தபடி சுடுங்கள். ஒலி அலையைக் காட்டும் செயலியில் சுட்ட சத்தம், சுவரில் பட்ட சத்தம் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். இடைவெளி 0.265 விநாடி என்றால், சுவரிலிருந்து சத்தம் திரும்பிவர ஆகும் 0.015 விநாடியைக் கழியுங்கள். 5 மீட்டரை 0.25-ஆல் வகுத்தால் விநாடிக்கு 20 மீட்டர்.

கேள்வி: டார்ட் ஆடி ஆடிப் போகிறது.

பதில்: வால் பக்கம் கிழிந்தோ நசுங்கியோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். நல்ல டார்ட்டைப் பாதி நீளமாக வெட்டிப் பாருங்கள். எடை முனைப்பக்கம் சேர்வதால் நேராகப் போகும், உரசலும் குறையும்.

கேள்வி: எனக்கு 12 வயது. முனையில் ஆணி வைத்தால் தூரம் போகுமா சார்?

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. ஃபோமும் மெத்தென்ற முனையும் இருப்பதால்தான் இதை ஒருவரை நோக்கிச் சுட்டு விளையாட முடிகிறது. ஆணி கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். வேகத்திலும் கவனம் வேண்டும். 1 கிராம் டார்ட் விநாடிக்கு 20 மீட்டரில் போனால் அதன் ஆற்றல் 0.2 ஜூல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு, 0.8 ஜூல். ஆணி இல்லாத சாதாரண டார்ட் என்றாலும் விளையாடுகிற எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும், வேடிக்கை பார்க்கிறவர்களும்தான். முகத்துக்குக் குறிவைக்கக் கூடாது. துப்பாக்கிக்கு ஆரஞ்சு, மஞ்சள் மாதிரி பளிச்சென்ற நிறம் அடித்துவிடு.

கேள்வி: டார்ட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. டார்ட் இருந்தால் அதற்குப் பின்னால் அடைபடும் காற்று பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி இருக்கும். இல்லையென்றால் பிஸ்டன் முழு வேகத்தில் சிலிண்டர் முனையில் போய் மோதும். முனையில் ஒரு மெல்லிய ஃபோம் வட்டத்தை ஒட்டி, காற்று போகும் துளைக்கு நேராக அதை வெட்டிவிடுங்கள்.