சுற்றுலாப் புள்ளிவிவரம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மதுரை, செய்தியாளர்): 2019-ல் இந்தியாவுக்கு வந்த பயணிகள் 1.09 கோடி என்று ஓரிடத்தில் இருக்கிறது, 1.79 கோடி என்று இன்னோரிடத்தில். எதை எழுதுவது சார்?

பதில்: இரண்டுமே சரி. 1.09 கோடி என்பது வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வந்தவர்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் ஊருக்கு வந்ததையும் சேர்த்தால் 1.79 கோடி. பிற நாடுகளோடு ஒப்பிடப் பெரிய எண்ணை எடுங்கள். உலக அளவில் எந்த நாட்டில் குடியிருக்கிறார் என்பதைத்தான் பார்க்கிறார்கள், பாஸ்போர்ட்டை அல்ல.

கேள்வி (சென்னை): அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கு மட்டும் 68.66 லட்சம் வெளிநாட்டவர் என்கிறார்களே. பாதிக்கு மேல் இங்கேயா வந்தார்கள்?

பதில்: இல்லை. நாட்டுக் கணக்கு விமான நிலையம் போன்ற இடங்களில் குடிவரவு கவுண்டரில் எடுப்பது. ஒரு பயணத்துக்கு ஒருமுறைதான் எண்ணுவார்கள். மாநிலக் கணக்கோ பெரும்பாலும் தங்கும் விடுதிகள் மாதாமாதம் தரும் விவரத்திலிருந்து வருகிறது. ஒரு பிரெஞ்சுக்காரர் மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை என்று தங்கிப் போனால் மூன்று ஊர்ப் பதிவேட்டிலும் ஏறுவார். அப்புறம் கொச்சிக்குப் போனால் கேரளக் கணக்கிலும் ஒன்று. எல்லா மாநிலங்களையும் கூட்டினால் 2019-ல் 3.14 கோடி வருகிறது! நாட்டுக்குள் வந்தது 1.09 கோடிதான். உள்நாட்டுக் கணக்கும் இப்படித்தான். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பதிவானது 49.49 கோடி வருகைகள். அதை "49 கோடி பேர் வந்தனர்" என்று தலைப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (திருவண்ணாமலை, மாணவி): பௌர்ணமிக்கு வந்து, கிரிவலம் முடித்து, அறை எடுக்காமல் ஊர் திரும்புகிறவர்களும் கணக்கில் வருவார்களா ஐயா?

பதில்: விடுதிப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் வரமாட்டார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்களும் அதில் இல்லை. சர்வதேச வரையறையில் இரவு தங்கினால்தான் சுற்றுலாப் பயணி, அன்றே திரும்பினால் ஒருநாள் வருகையாளர். ஆனால் ஊருக்குத் தண்ணீரும் கழிப்பறையும் பஸ்ஸும் இருவருக்கும்தான் வேண்டும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வு. தேசிய மாதிரி ஆய்வின் 72-வது சுற்று 2014 ஜூலை முதல் 2015 ஜூன் வரை அப்படி நடந்தது. உங்கள் புராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை: ஒரு பௌர்ணமி, ஒரு சாதாரண நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் ஊர் திரும்புகிறவர்களில் பத்தில் ஒருவரிடம் "எங்கே தங்கினீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு): சுற்றுலா வருமானத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கடை கடையாகவா?

பதில்: பெருக்கல்தான். இலங்கையின் 2018 கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வெளிநாட்டுப் பயணிகள் 2,333,796 பேர், சராசரியாக 10.8 இரவு தங்கல், ஒருவருக்கு நாளொன்றுக்கு 173.8 டாலர் செலவு. பெருக்கினால் சுமார் 438 கோடி டாலர். அறிவித்த வருமானமும் அதுவே. இதில் ஆட்களின் எண்ணிக்கை உறுதியானது. மற்ற இரண்டும் ஒரு பகுதிப் பயணிகளிடம் மட்டும் கேட்டு எடுத்த சராசரி. தங்கலில் ஒரு இரவு தப்பினாலே 40 கோடி டாலர் மாறிவிடும். அதனால் வருமானச் செய்தி வந்தால், எத்தனை பேரிடம், எந்த மாதங்களில் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): நான்கு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன் அண்ணா. இதெல்லாம் எனக்கு எதற்கு?

பதில்: உங்கள் பதிவேட்டிலிருந்தே தொடங்குங்கள். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரப் படிவத்தை (2025 வரை சி படிவம் என்றார்கள்) குடிவரவு அலுவலகத்துக்கு எப்படியும் அனுப்பியாக வேண்டும். எல்லா விருந்தினருக்கும் எந்த ஊர், எத்தனை இரவு, யார் சொல்லி வந்தார் என்று மூன்று கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 நாள் மாதத்தில் உங்களிடம் 120 அறை-இரவுகள் (4 அறை × 30 இரவு) உண்டு, அதில் எத்தனை நிரம்பியது என்று பாருங்கள். போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதிலும் தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. அந்த இரண்டு மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியாக வரும்.