வெள்ளவத்தையிலிருந்து வாகனம் இல்லாமல், பிள்ளைகளோடு நடக்கவும் பறவை பார்க்கவும் எங்கே போகலாம்? கித்துல்கலவில் ஆற்றின் வேக ஓட்டத்தில் துடுப்பு வலித்துப் போகும் படகுப் பயணத்துக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

கேட்டவருக்கு எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். காலிமுகத்திடலும் விகாரமகாதேவிப் பூங்காவும் அலுத்துவிட்டன என்கிறார். அலுக்கத்தான் செய்யும். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் காலிமுக நடைபாதையை முடித்தபோது, "கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காக" இதைப் பேணுங்கள் என்று பின்வரும் ஆளுநர்களுக்குக் கல்லில் எழுதிவைத்தார். கடற்காற்று, பட்டம், இறால் வடை என்று அந்த வேலையைத் திடல் இன்றைக்கும் செய்கிறது. ஆனால் பார்த்துக்கொண்டே நடக்க அங்கே எதுவும் இல்லை. விகாரமகாதேவியில் நிழல் உண்டு. தள்ளுவண்டிக் குழந்தைக்கு நல்ல இடம், பன்னிரண்டு வயதுக்கு அல்ல.

கொழும்பில் நடக்கத் தகுந்த இடமெல்லாம் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அதனால் "எந்தப் பூங்கா" என்று தேடாமல் "எந்தச் சதுப்பு" என்று தேடுங்கள். காலை ஆறேகாலுக்கு அங்கே நிற்கப் பாருங்கள். எட்டரைக்கு மேல் வெயில் ஏறிவிடும், பறவைகள் புதருக்குள் போய்விடும், பிள்ளைகள் ஐஸ்கிறீம் கேட்கத் தொடங்குவார்கள். நுழைவுச்சீட்டு உள்ள பூங்காக்கள் சில வேளை தாமதமாகத் திறக்கும். முதல் நாளே அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவைக்கு பெத்தகான ஈரநிலப் பூங்கா. 1985இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுர பறவைகள் சரணாலயப் பகுதியில் இருக்கிறது. பிட்டகோட்டேயிலிருந்து த்ரீவீலரில் கிட்டத்தான். சதுப்பின் மேலே பலகைப் பாதை ஓடுகிறது, கோபுரத்தில் ஏறியும் பார்க்கலாம். மழைக்கு மறுநாள் அந்தப் பலகையில் மெல்லிய பாசி படிந்து சவர்க்காரம் பூசியதுபோல வழுக்கும். தேய்ந்த அடி உள்ள செருப்போடு போகாதீர்கள், ஓட விடாதீர்கள். பலகைகளின் குறுக்கே ஆணித்தலைகள் வரிசையாகத் தெரியும். அந்த வரிசைக்குக் கீழேதான் தாங்கும் மரம் இருக்கிறது. உக்கிய பலகை பெரும்பாலும் இரண்டு ஆணி வரிசைக்கு நடுவில்தான் முறியும், ஆகவே சந்தேகமான இடத்தில் ஆணி வரிசையில் கால் வைத்து நடக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது தலங்கம குளம். 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் ஏறி, பத்தரமுல்லை தாண்டி கொஸ்வத்தையில் இறங்கி, அங்கிருந்து த்ரீவீலர். சீட்டும் இல்லை, கதவும் இல்லை. குளக்கட்டில் வாகனம் வரும் என்பது மட்டும்தான் தொந்தரவு, சின்னவரின் கையை விடாதீர்கள். தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியைப் பாருங்கள். கால்விரல்கள் அவ்வளவு நீளம், பாரம் பரவுவதால் இலை தாழ்வதில்லை. முட்டையை அடைகாப்பது ஆண் பறவை. பெண் அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். இந்த ஒரு செய்தி போதும், எட்டு வயதுப் பிள்ளை அரைமணி நேரம் அசையாமல் பார்க்கும். நீலத்தாழைக்கோழி, செந்நாரை, சீழ்க்கைச் சிரவி எல்லாம் அங்கே சாதாரணம். குடியேறிப் பறவைகளும் வேண்டுமென்றால் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை. மரங்களில் ஊதாமுக மந்தி தெரிந்தால் பிஸ்கட் நீட்டாதீர்கள். இலங்கையில் மட்டும் வாழும், அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் அது. அதன் வயிறு இலை செரிக்க அமைந்தது.

கிட்டத்தில் போதும் என்றால் பெல்லன்வில – அத்திடிய பக்கம் போகலாம். தெஹிவளையிலிருந்து த்ரீவீலரே போதும். நடைப்பயிற்சிக்காரர் கூட்டம் அதிகம், பறவை பார்க்கப் பொறுமை வேண்டும்.

பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மில்லிமீற்றர் அகலம். பத்து மடங்கு என்று எழுதியதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். பிள்ளையின் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். "சூம்" உள்ள மலிவு வகை வீண்காசு. பலர் "ஒன்றும் தெரியவில்லை" என்று கழற்றிவைப்பது பைனாகுலரின் குற்றமல்ல, சரிசெய்யாத குற்றம். இரண்டு குழலையும் மடக்கி விரித்து, பார்வை ஒரே வட்டமாக வரும்வரை வையுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதன்பின் நடுச்சக்கரம் ஒன்றே போதும். கண்ணாடி போடுபவர் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிலும் கறுப்பு வளையம்தான் தெரியும்.

சதுப்பில் பயப்பட வேண்டியது பாம்பை அல்ல, நீரின் விளிம்பை. கபரகொய்யா (நீரோரத்துப் பெரிய உடும்பு) ஒதுங்கிப் போய்விடும். தியவன்னா, பொல்கொட ஏரிப் பக்கங்களில் முதலை உண்டு, கரையில் குந்தியிருந்து கால் நனைக்க விடாதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். போய்வந்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், சதுப்பில் நடந்ததை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். மார்ச் – ஏப்ரலிலும் ஒக்டோபர் – நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் வழமை. முதல் இடி கேட்டவுடன் பறவைக் கோபுரத்திலிருந்து இறங்கிவிடுங்கள்.

படகு வேண்டுமென்றால் கித்துல்கலவுக்கு முன் கொழும்புக்கு வடக்கே உள்ள முத்துராஜவெல சதுப்பு. போப்பிட்டியவிலிருந்து ஏறினால் ஹமில்டன் கால்வாய் வழியாகக் கண்டல் மரங்களுக்குள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஏறும் முன்பே படகோட்டியிடம் "பறவையைக் கண்டால் எஞ்சினை நிறுத்துங்கள்" என்று சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேகமாகப் போய் வேகமாகத் திரும்புவார், நீங்கள் பறக்கும் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள்.

இனி கித்துல்கல. புறக்கோட்டையிலிருந்து அவிசாவளை வழியாகப் போகும் ஹட்டன் பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே களனி கங்கையின் நீர்மட்டம் மழையால் மட்டும் ஏறுவதில்லை. மேலே நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன, அவை நீரை விடும் நேரத்தைப் பொறுத்து ஆறு ஒரே நாளில் மாறும். "இன்றைக்குத் தண்ணீர் எப்படி, எத்தனை மணிக்கு விடுவார்கள்?" என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் ஆற்றைத் தெரிந்த ஆள். "ஒன்றும் பயமில்லை" என்று மட்டும் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். கூடவே விழுந்தவரை மீட்கத் துணைக் கயாக் (சிறு படகு) வருமா, எறிகயிறு படகில் இருக்கிறதா, வழிகாட்டியிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை மேலே பெருமழை என்றால் அந்த நாளைக் கைவிடுங்கள்.

லைஃப் ஜக்கெட்டை நீங்களே சோதியுங்கள். எல்லாக் கொளுக்கியையும் பூட்டி, பட்டிகளை இறுக்கி, பிள்ளையின் இரண்டு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜக்கெட் நாடியைத் தாண்டி ஏறினால் அது பெரிது, வேறு கேளுங்கள். துடுப்பின் மேல்முனைக் குறுக்குப்பிடியை ஒரு கை எப்போதும் மூடியிருக்க வேண்டும். பல் உடைவது பெரும்பாலும் கைவிட்ட அந்தப் பிடியால்தான், பாறையால் அல்ல. ஆற்றில் விழுந்தால் மல்லாந்து, கால் முன்னே ஆறு போகும் திசையில், கால் பெருவிரல் தண்ணீருக்கு மேலே தெரிய மிதக்க வேண்டும். ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் முழங்காலளவு நீரே ஆளை அமுக்கிவிடும்.

கட்டளைகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் வரும். "ஃபோர்வர்ட்", "பேக்", "ஸ்டொப்", "கெட் டவுன்" நான்கையும் பஸ்ஸிலேயே பழக்கிவிடுங்கள். என் கணக்கில் எட்டு வயதுப் பிள்ளை இந்தப் படகுக்கு வேண்டாம். பெரியவரை ஏற்றிவிட்டு, சின்னவரோடு ஒருவர் கரையில் இருங்கள்.

காட்டுப்பாதையிலும் நடப்பதென்றால் அட்டை நிச்சயம். நெருக்கமாக நெய்த அட்டைச் சொக்ஸைக் காற்சட்டைக்கு மேலே முழங்கால்வரை இழுத்து, வெளிப்புறம் ஈரச் சவர்க்காரத்தைத் தேயுங்கள். கடித்துவிட்டால் நெருப்புக்குச்சியோ உப்போ வேண்டாம், அட்டை வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கலாம். மெல்லிய வாய்ப்பக்கத்தின் கீழே நகத்தைச் செலுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்தியிருப்பதால் கசிவு சில மணி நேரம் நிற்காது. கழுவி, பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு பஸ் ஏறுங்கள். வெள்ளைக் காற்சட்டை மட்டும் அன்றைக்கு வேண்டாம்.