மகளுக்குப் பதில் சொல்ல மூச்சில்லாத ஓட்டம்

கேள்வி: எனக்கு வயது 44. செங்கோட்டைக்கு அருகே புளியரையிலிருந்து கோட்டைவாசல் மலைக்கணவாய் ஏற்றத்தில் தினமும் காலையில் ஓடுகிறேன். சிரமத்தை 6 முதல் 20 வரை எண்ணால் மதிப்பிடும் முறையில் எனக்கு 11தான் வருகிறது. கைக்கடிகாரமோ நாடித்துடிப்பு 160 என்கிறது. எதை நம்புவது? ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் சைக்கிளில் கூட வருவாள். ஏதாவது கேட்டால் கையை மட்டும் அசைத்துவிட்டு ஓடுவேன்.
– வாசகர், புளியரை

பதில்: போகிற போக்கில் எழுதிய கடைசி வரியிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு ஒரு வாக்கியம் சொல்ல மூச்சில்லாதவர் தம் ஓட்டத்துக்கு 11 போடுவது தம்மையே ஏமாற்றிக்கொள்வதாகும். சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அந்த அளவுகோலில் 11 என்பது ‘இலேசு’, 13 ‘ஓரளவு கடினம்’, 15 ‘கடினம்’, 17 ‘மிகக் கடினம்’. வாய் திறக்க முடியாமல் கையசைக்கும் நீங்கள் 17க்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். 220இல் வயதைக் கழித்தால் உங்களுக்குத் தோராயமான உச்சத் துடிப்பு 176. கடிகாரம் காட்டும் 160 அதை நெருங்கிவிட்டது. ஆக, கடிகாரமும் மூச்சும் ஒன்றையே சொல்கின்றன. நீங்கள் போட்ட எண் மட்டுமே தவறு.

அதற்காக உடலின் உணர்வைத் தள்ளிவிடாதீர்கள். ஆனி, ஆடியில் கணவாய் வழியே எதிர்க்காற்று வீசும்போதும், ஏற்றம் செங்குத்தாகும்போதும், அதே வேகத்துக்கு உடல் கூடுதலாக உழைக்கிறது என்பதை மூச்சும் காலும் உடனே சொல்லிவிடும். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் துடிப்பைக் குறைத்துக் காட்டுவதால், அவற்றை உண்பவர்களுக்குக் கடிகாரத்தைவிட இந்த உணர்வே நம்பகமானது. ஆனால் சமவெளியில் ஓடிய வேகத்தை ஏற்றத்திலும் விடமாட்டேன் என்ற வீம்போடு போடும் எண்ணுக்கு மதிப்பில்லை.

வாரத்தில் பெரும்பாலான நாள்கள் 11க்கும் 13க்கும் இடையில், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். ஏற்றத்தில் அது முடியாவிட்டால் நடங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்த வயதுப் பெண் விடியற்காலையில் எழுந்து அப்பாவோடு சைக்கிள் மிதித்து வருவது அப்பாவிடம் பேசத்தான். அவளுக்குக் காது கொடுப்பது உங்கள் கடமை; அதை எந்த ஓட்டத்துக்காகவும் ஒத்திப்போட உங்களுக்கு உரிமை கிடையாது. நாளைக் காலை அவள் ஏதாவது கேட்டால் கையை அசைக்காதீர்கள். பதில் முழுதாக வாயிலிருந்து வரும் வரை வேகத்தைக் குறையுங்கள்.