101 மீட்டர் மலைக்கு இவ்வளவு அலைச்சலா?

கேள்வி: கிளாஸ்கோவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள அயோனா தீவில் டூன் ஈ என்ற குன்றில் ஏறலாம் என்கிறாள். எனக்கு வயது 61, லேசாக மூட்டுவலி. முடியுமா?
— வாசகர், கோவை

பதில்: ஏறுவதைவிட அங்கே போய்ச் சேருவதுதான் பெரும்பாடு! கிளாஸ்கோவிலிருந்து ஓபன் (Oban) என்ற துறைமுக ஊர் வரை ரயில், அங்கிருந்து மல் தீவுக்குக் கப்பல், தீவைக் குறுக்காகக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ், அப்புறம் பத்து நிமிடம் இன்னொரு படகு. ஒரே நாளில் போய்த் திரும்பலாம்தான், ஆனால் படகு நேரத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஓர் இரவு தங்குங்கள்.

குன்றின் உயரம் வெறும் 101 மீட்டர். கி.பி. 563-ல் அயர்லாந்துத் துறவி புனித கொலும்பா வந்திறங்கிய தீவு இது. அவர் பெயரோடு சேர்ந்த மடாலயத்தைத் தாண்டி வடக்கே சாலையில் கொஞ்சம் நடந்தால் பாதை பிரியும். அரை மணி நேரம் போதும். படிக்கட்டெல்லாம் கிடையாது, சதசதவென்று சேறு, நடுநடுவே வழுக்குப் பாறை. மூட்டுவலிக்கு ஏறுவதல்ல, இறங்குவதுதான் சோதனை, அதனால் ஊன்றுகோல் அவசியம். கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத ஷூ போடுங்கள். தயவுசெய்து குடை வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது, மழைக்கோட்டுதான் சரி.

வானம் தெளிந்திருந்தால் ஸ்டாஃபா தீவும் மல் தீவின் 966 மீட்டர் பென் மோர் மலையும் தெரியும். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு குட்டை. அதில் முகம் கழுவினால் இளமை திரும்புமாம். மூட்டுக்கும் பலிக்குமா என்று யாரும் சொல்லவில்லை.